கல்யாணக் கலர்: மாற்ற முடியாததிலிருந்து ஆரம்பி, தங்கச்சி!

கல்யாணம் நிச்சயமான அன்று ராத்திரியே போனில் ‘வெட்டிங் தீம்’ தேட ஆரம்பித்திருப்பாய். லாவண்டர் பூ தொங்கும் தோட்டம், பீச் கலர் திரை போட்ட ராஜஸ்தான் அரண்மனை என்று வரிசையாக சேவ் பண்ணியும் வைத்திருப்பாய். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு முகூர்த்தம் காலை ஆறரைக்கு. இடம், ட்யூப்லைட் எரியும் மண்டபம். வாசலில் வாழைமரம், நிலையில் மாவிலைத் தோரணம், மணவறையில் ஓமப் புகை, உன் தோளிரண்டையும் மறைக்கிற மாலை. இத்தனைக்கும் நடுவே எந்தக் கலர் எடுபடும் என்பதை அந்தத் தோட்டத்துப் படம் சொல்லித் தராது.

அக்கா சொல்கிற சூத்திரம் ஒன்றுதான்: எதை மாற்ற முடியாதோ அதை முதலில் பார், எதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமோ அதைக் கடைசியில் முடிவு செய். மண்டபச் சுவரை மாற்ற முடியாது. முகூர்த்த நேரத்தை மாற்ற முடியாது. பாட்டி ‘கூடாது’ என்றால் கூடாதுதான். இந்த மூன்றும் தெரிந்த பிறகு முகூர்த்தப் புடவை. புடவை வீட்டுக்கு வந்த பிறகு பூ, திரை, பத்திரிகை, தாம்பூலப் பை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. டெகரேஷன்காரர் ஆல்பத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தத் திரைக்கு மேட்சாகப் புடவை தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

1. மண்டபத்துக்கு ஒரு நடை போய் வா

முகூர்த்தம் எந்த நேரமோ அந்த நேரத்துக்குப் போ. மத்தியானம் போய்ப் பார்த்தால் ஜன்னல் வெயிலில் எல்லாமே பளிச்சென்று இருக்கும். விடியற்காலையில் அதே ஸ்டேஜ் வேறு மாதிரி இருக்கும். ஸ்டேஜின் பின்சுவர், தரை, நிரந்தரத் திரை, நாற்காலி உறை, கார்ப்பெட் ஆகிய ஐந்தையும் ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்துக்கொள். இவற்றில் எதைக் கழற்றலாம், எதை மூடலாம் என்று மேனேஜரிடம் கேள். பின்சுவர் தேக்குப் பலகையா? அரக்குப் புடவை அதில் கரைந்துபோகும். மெரூன் வெல்வெட் திரையா? அதைக் கழற்றிவிட்டுக் க்ரீம் திரை போட முடியுமா என்று அப்போதே பேசிவிடு.

அடுத்து லைட். பல்பு அட்டையில் 3000 கே, 6500 கே என்று போட்டிருக்கும். 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் ஓடிய வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஜரிகையும் ஜொலிக்கும். லாவண்டரும் வெளிர் நீலமும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளை வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் தெளிவாக இருக்கும், ஜரிகையின் சூடு குறையும். இரண்டில் எது இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டும் கலந்து எரிந்தால்தான் தொல்லை. முகத்தில் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி நீலம் என்று விழுந்தால் எந்த கேமராவாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஸ்டேஜில் மட்டுமாவது ஒரே ரக லைட் எரியட்டும் என்று லைட்காரரிடம் சொல்லி வை.

2. பெரியவர்களிடம் ‘வேண்டாம்’ பட்டியலை வாங்கு

‘என்ன கலர் எடுக்கலாம்?’ என்று பெரியம்மாவிடமும் அத்தையிடமும் கேட்காதே. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எடுக்காவிட்டால் மனத்தாங்கல் வரும். ‘எந்தக் கலர் கூடாது?’ என்று கேள். கறுப்பு வேண்டாம் என்பார்கள், சில வீட்டில் தனி வெள்ளையும் வேண்டாம் என்பார்கள். கருநீலத்தையும் கரும்பச்சையையும் அப்போதே காட்டிக் கேட்டுவிடு. கடை வெளிச்சத்தில் நீலமாகத் தெரிகிறது, ஆல்பத்தில் கறுப்பாக விழுகிறது. அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சு வரும்.

சில வீடுகளில் முகூர்த்தக் கலர் வழக்கப்படி முன்னமே முடிவானது. பிராமண வீடுகள் பலவற்றில் அரக்குச் சிவப்பில் ஒன்பது கஜம். மாயவரம் பக்கம் கூறைநாட்டுக் கட்டம் போட்ட கூறை. சர்ச் கல்யாணத்தில் வெள்ளை அல்லது சந்தன நிறம். ஈழத்து வழக்கில் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச் சேலையைச் சடங்கின் நடுவே மாற்றிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். உன் வீடும் அப்படி என்றால் அதை எதிர்த்து மல்லுக்கட்டாதே. நிச்சயதார்த்தம், நலங்கு, ரிசப்ஷன் என்று உன் இஷ்டத்துக்கு விட்ட இடங்கள் நிறைய இருக்கின்றன.

3. உன் கலர் ஸ்கீம் புடவைக்குள்ளேயே இருக்கிறது

நல்ல காஞ்சிபுரம் கோர்வைப் புடவையைக் கையில் எடுத்துப் பார். உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். அந்த இரண்டையும் மூன்று நாடா ஓட்டி, உடலும் பார்டரும் சேரும் இடத்தில் நூலோடு நூல் கோத்து நெய்வதுதான் கோர்வை. முந்தானைக்கு நிறம் மாற்ற வேண்டுமானால் பழைய பாவு இழைகளோடு புதுப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதைப் பிட்னி என்பார்கள். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியது காஞ்சிபுரம் பட்டு. எந்த உடலுக்கு எந்த பார்டர் என்பதை நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தேர்ந்தவர்கள். மாம்பழத்துக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி, கத்திரிப்பூவுக்குப் பச்சை. இதைவிடப் பெரிய கலர் நிபுணரை நீ எங்கே தேடப்போகிறாய்?

ஆகையால் கணக்கு இப்படிப் போடு. புடவையின் உடல் நிறம் உனக்கு மட்டும். பார்டர் நிறம் டெகரேஷனுக்கும் குடும்பத்துக்கும். ஜரிகை என்ன உலோகமோ அதுதான் விளக்கு, தாம்பாளம், பத்திரிகை எழுத்து எல்லாவற்றுக்கும். இந்த மூன்றோடு இலைப் பச்சையும் மல்லிகை வெள்ளையும் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஆறாவதாக ஒரு கலரை யாராவது நீட்டினால் ‘ரிசப்ஷனுக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடு.

கடையில் ‘டஸ்டி ரோஸ் இருக்கா?’ என்று கேட்டால் பத்துவிதமான பிங்க் வந்து விழும். வெங்காயத்தோல், மாந்துளிர், மயில் கழுத்து, தேன் நிறம், எம்.எஸ். புளூ என்று கேட்டுப் பார். விற்பனைப் பெண் நேராக அந்த அடுக்குக்குப் போய்விடுவார். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் பெற்ற அந்த நீலத்தை இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

எடுத்துக் காட்டும்போது இப்படிச் செய். பாயில் விரித்த புடவையைப் பார்த்து மயங்காதே. மேலே தொங்கும் ஸ்பாட் லைட் எந்தப் புடவையையும் அழகாக்கிவிடும். பிடித்ததில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வா. ‘வெளியே கொண்டுபோய்ப் பார்க்கணும்’ என்றால் பெரிய கடைகளில் யாரும் முகம் சுளிப்பதில்லை, ஒரு ஆளைக் கூடவே அனுப்புவார்கள். தோளில் மடிப்பாக வைத்து, உடல் நிறம் கன்னத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பிடி. பத்தடி தள்ளி நின்று அம்மாவைப் பார்க்கச் சொல். பந்தியிலிருந்து எழுந்து வருகிறவர்கள் உன்னை அந்தத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அப்புறம் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம். அடர் சிவப்பும் ராணி பிங்க்கும் போன் கேமராவில் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக விழும். அது கேமராவின் குறை, புடவையின் குறை இல்லை. ஆனால் உன் கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேர் கையிலும் போன் கேமராதானே இருக்கும்? அதையும் கணக்கில் வை.

மயில் கழுத்து மாதிரி இரட்டை நிறப் புடவை என்றால் இன்னொரு சங்கதி. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் நீ திரும்பத் திரும்ப அது நீலமாகவும் பச்சையாகவும் மாறும். கட்டிக்கொள்ள அதைப் போல் அழகில்லை. ஆனால் அதன் உடல் நிறத்துக்கு மேட்சாக எதையும் எடுக்கப் பார்க்காதே, ஒரு கோணத்தில் ஒட்டினால் மறு கோணத்தில் ஒட்டாது. பார்டரைப் பிடித்துக்கொள்.

‘மாநிறத்துக்கு இந்தக் கலர் எடுக்காது’ என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதே. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மாம்பழம், அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை எல்லாம் தூக்கிக் கொடுக்கும். எந்த நிறத்துக்காரியாக இருந்தாலும் மங்கலாகக் காட்டுவது அவளுடைய சருமத்தோடு ஏறத்தாழ ஒன்றாகப் போகிற நிறம்தான். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது முகம் எங்கே, துணி எங்கே என்று பிரிந்து தெரிந்தால் போதும்.

4. பின்னால் நிற்கும் நிறம் உன் புடவையை மாற்றும்

பாரிஸில் கோபெலின் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் செவ்ரோல் என்ற வேதியியலாளர் சாயப் பிரிவின் தலைவராக இருந்தார். ‘கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை’ என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று 1839-ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். உன் ஸ்டேஜுக்கும் அதே விதிதான்.

அரக்குப் புடவைக்குப் பின்னால் சிவப்பு ரோஜாச் சுவர் வைத்தால் புடவை செத்துவிடும். அதே புடவைக்குப் பின்னால் வெறும் தென்னங்கீற்றும் வாழையிலையும் வை, சிவப்பு நெருப்பாக எரியும். மாம்பழ மஞ்சளுக்குப் பின்னால் செண்டுமல்லிச் சரம் வேண்டாம்; வெள்ளைச் சம்பங்கியும் பச்சையும் போதும். கிளிப்பச்சைப் புடவை என்றால்தான் அந்தச் செண்டுமல்லிச் சரத்தைத் தாராளமாகத் தொங்கவிடலாம்.

சரிபார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. புடவைப் படத்தையும் டெகரேஷன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து நீ தனித்துத் தெரிய மாட்டாய். ஒன்று வெளிறி, ஒன்று அடர்ந்து தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்.

சுழன்று சுழன்று ஊதாவும் நீலமும் அடிக்கிற லைட்டை முகூர்த்தம் முடியும் வரை அணைத்து வைக்கச் சொல். ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் கயிறும் மஞ்சளாக இருக்காது, குங்குமமும் குங்குமமாக இருக்காது. இதைக் கல்யாணத்தன்று காலையில் யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கு.

5. தாலி கட்டும் அந்த ஒரு படம்

ஆயிரம் படம் எடுத்தாலும் ஹாலில் மாட்டப்போவது அதுதான். அதில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பார். நடுவில் நீ, ஆனால் உன் புடவையின் மேல்பாதியை மாலை மூடியிருக்கும். தோளில் பார்டரும் மடியில் கொஞ்சம் உடல் நிறமும்தான் தெரியும். பக்கத்தில் மாப்பிள்ளையின் வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம். உன் தலைக்குப் பின்னால் மூன்று முடிச்சில் இரண்டைப் போடக் குனிந்து நிற்கும் நாத்தனார். இரண்டு ஓரத்திலும் இரண்டு அம்மாக்கள். அட்சதையோடு நீட்டிய ஒரு பத்துக் கை.

அதனால் மேட்ச் பண்ண வேண்டியது ஊரையே இல்லை, இவ்வளவு பேரைத்தான். மாலைக்கு உன் புடவையின் நிறம் வேண்டாம். சிவப்புப் புடவைக்கு வெள்ளைச் சம்பங்கி மாலை, நடுநடுவே கொஞ்சம் ரோஜா இதழும் மரிக்கொழுந்தும். நாத்தனாருக்கு உன் உடல் நிறம் தவிர எதுவும் ஆகலாம். உன் கொண்டைக்குப் பின்னால் அவர் புடவைதான் திரை மாதிரி நிற்கும் என்பதால் பக்குவமாகப் பேசி, உன் புடவைப் படத்தை முதலிலேயே அனுப்பிவிடு. ‘அண்ணி, உங்களுக்கு இந்தப் பச்சை ரொம்ப எடுப்பா இருக்கும்’ என்று சொல்லிப் பார், வேலை நடக்கும்.

மாப்பிள்ளை விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனி. பட்டு வேட்டி சந்தன நிறத்தில் இருக்கும். தனியாக எடுத்த சட்டை பால் வெள்ளையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வேட்டி பழசு மாதிரி தெரியும். வேட்டியையும் சட்டையையும் ஒரே கடையில், ஒரே வெளிச்சத்தில், ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து எடுக்கச் சொல். வேட்டிக் கரை உன் பார்டர் நிறத்தில் கிடைத்தால் அதுவே போதுமான ஜோடிப் பொருத்தம்.

6. பூவுக்கும் பருவம் உண்டு

தை முகூர்த்தமா? பனியில் மல்லிகை வரத்து குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் காலம். தலைக்கு மட்டும் மல்லிகை வைத்துக்கொண்டு, பந்தலுக்குச் சாமந்தியும் சம்பங்கியும் எடுத்துக்கொள். தைக் கடைசியில் கல்யாணம் என்றால் காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா விமானம் ஏறும் சமயம். ரோஜாச் சுவர் கேட்டால் பட்ஜெட் எகிறும். பங்குனியிலிருந்து வைகாசி வரை மல்லிகை தாராளம். வெள்ளையை வஞ்சனை இல்லாமல் கேள். வெயில் காலத்தில் ரோஜா இதழ் பத்து மணிக்கெல்லாம் வாடிக் கறுக்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் ராத்திரி வரை நிறம் மாறாமல் நிற்கும். டெகரேட்டரிடம் பூவின் பெயரைச் சொல்லாமல், ‘இந்த நிறத்தில் அந்த மாதம் எது சுலபமாகக் கிடைக்கும்?’ என்று கேட்டால் செலவு தானாகக் குறையும்.

7. நகையும் பிளவுஸும்

கெம்புக் கல் வைத்த கோயில் நகை என்றால் சிவப்பும் பச்சையும் அதிலேயே இருக்கிறது. அரக்கு, பச்சை, மாம்பழம் எதற்கும் பொருந்தும். வெளிர் நிறப் புடவைக்கும் வெள்ளி ஜரிகைக்கும் வெள்ளைக்கல் நகை. தங்க ஜரிகை, வெள்ளி ஜரிகை இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பாதே. ஆரி வேலை செய்யக் கொடுக்கும்போது புடவையையே எடுத்துக்கொண்டு போ. ஜரிகை நூலில் மட்டும் பழைய தங்கம், மஞ்சள் தங்கம், செம்புத் தங்கம் என்று எத்தனையோ சாயல். படத்தைப் பார்த்து எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

8. சொந்தபந்தத்துக்கு ஒரே கலர் வேண்டாம்

நாற்பது பேருக்கு ஒரே கலரில் எடுத்தால் சித்திக்கு நன்றாக இருப்பது அத்தைக்கு இருக்காது. துணிக்கடை யூனிஃபார்ம் மாதிரியும் ஆகிவிடும். ‘மஞ்சளிலிருந்து மெரூன் வரை எது வேண்டுமானாலும் கட்டுங்கள்’ என்று ஒரு வரம்பைச் சொல். அவரவர் பீரோவில் இருக்கும் பட்டே போதும், யாருக்கும் செலவில்லை. படத்தில் எல்லாம் ஒரு குடும்பமாகத் தெரியும், நீ மட்டும் தனியாகத் தெரிவாய்.

9. ரிசப்ஷனில் உன் ராஜ்யம்

சேவ் பண்ணி வைத்த லாவண்டரையும் பீச்சையும் இங்கே இறக்கு. முழுக்க முழுக்க விளக்கு வெளிச்சம் என்பதால் கட்டுப்பாடு உன் கையில். சீரியல் லைட் மஞ்சள் என்றால் மட்டும் லாவண்டரைக் கொஞ்சம் அடர்த்தியாக எடு. மாப்பிள்ளைக்குப் பொடிக் கட்டம், பொடிக் கோடு போட்ட கோட் வேண்டாம். வீடியோவில் அது அலையலையாக நெளியும். கோட்டை உன் உடை வந்த பிறகு எடுங்கள். சேலைக்குக் கோட் தேடுவது சுலபம், கோட்டுக்குச் சேலை தேடுவது பெரும்பாடு.

10. பத்திரிகையும் பையும்

பத்திரிகைக்குப் பார்டர் நிறமும் ஜரிகை நிறமும் போதும். எழுத்து அடர் நிறத்தில் இருக்கட்டும். க்ரீம் காகிதத்தில் தங்க எழுத்தைத் தாத்தாவால் படிக்க முடியாது. தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பையையே கொடு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசே தொடங்கிவைத்தது. மஞ்சள் எந்தப் புடவைக் கலரோடும் சண்டை போடாது, வீட்டுக்குப் போன பிறகும் மளிகைக் கடைக்கு உதவும்.

11. ஒரு கலர் அட்டை செய்துகொள்

இவ்வளவையும் வாட்ஸ்அப் படத்தை நம்பிச் செய்யாதே. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நிறம் காட்டும். பிளவுஸ் துணியின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு உடல் நிறமும் பார்டரும் வருகிற மாதிரி வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பின் பண்ணு. ஓரமாகக் கொஞ்சம் ஜரிகை நூல். டெகரேட்டர், டெய்லர், மேட்சிங் சென்டர், நாத்தனார், மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கப் போகிறவர் என்று ஆளுக்கு ஒரு துணுக்கு. ஒட்டுத்துணி போதவில்லை என்றால் மேட்சிங் சென்டரில் அதே நிறத்தில் கால் மீட்டர் வாங்கிக்கொள். பகல் வெளிச்சம், ட்யூப்லைட் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும்.

வரிசையை மறுபடி சொல்லிவிடுகிறேன்: மண்டபம், பெரியவர்களின் ‘வேண்டாம்’, முகூர்த்தப் புடவை, மாப்பிள்ளை வேட்டி, நாத்தனாரும் இரண்டு அம்மாக்களும், பின்திரை, மாலை, பூ, நகை, பத்திரிகை, பை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பட்டியலை மூடிவிடு. அதற்குப் பிறகு போனில் புதுத் தீம் எதையும் பார்க்காதே, பார்த்தாலும் எனக்கு அனுப்பாதே.

அம்மா ஜவுளி எடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நாள் குறிப்பதற்குள் நீ மண்டப மேனேஜருக்குப் போன் போட்டு, காலை ஆறரைக்குத் திறந்து வைக்கச் சொல்.